கிடக்கட்டும்

வோலியூமைப் பூச்சியத்தில் வைத்தேன்.
இரைச்சல் போகவில்லை.
மெல்லக் கூட்டினேன்,
அதன் தோளில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது.
அப்படியென்றால் இரண்டு பேர்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி அறை என்னுடையது.
ஐம்பது ஹேர்ட்ஸ் எனக்குப் புதிதல்ல.
நெஞ்சின் கோடு மயிர்க்கொட்டி போலத் தடித்து வந்தால்
இதயத்தைச் சந்தேகிக்கமாட்டேன்.
"காலைக் கட்டில் இரும்பில முட்டாதேங்கோ ஐயா,
அந்த சார்ஜரைக் கழற்றுங்கோ தங்கச்சி."
பாதிப் பேருக்கு அதோடே சுகம்.

வீட்டில்தான் மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டேன்.
குலேந்திரன் விடவில்லை.
"கிடக்கட்டும் விடும். பாட்டுக் கேக்குதுதானே."
சீனன்குடா மாவு ஆலையில் பத்தொன்பது வருடமாய்
ஊதுமெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற மனுசன்,
இதெல்லாம் அவருக்கு ஒரு சத்தமா என்று
நானும் இருந்துவிட்டேன்.

போயா லீவு. அவர் மீன் வாங்கப் போன நேரம்
மூடியைக் கழற்றினேன்.
எட்டுத் திருகாணியில் இரண்டு
உப்புக் காற்றில் இறுகி எண்ணெய் கேட்டன.
உள்ளே தூசு, ஒரு பல்லி முட்டை ஓடு,
தலை வீங்கிய கப்பாசிற்றர் இரண்டு.
பிளக்கைப் பிடுங்கி இவ்வளவு நேரமாகியும்
மீற்றரில் முப்பத்தெட்டு வோல்ற்.
செத்ததென்று நம்பிக் கைவைக்கக் கூடாத சாமான்.
ரெசிஸ்ரரைக் குறுக்கே பிடித்தபடி
எண் இறங்குவதைப் பார்த்திருந்தேன்:
இருபது, ஒன்பது, இரண்டு,
ம், இனிச் சரி.

மத்திய வீதி நௌசாத் கடையில் போன கிழமையே வாங்கி
தையல் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன் புதியவற்றை.
"கால் மாறினா வெடிக்கும் அக்கா" என்று
மூன்று தரம் சொல்லித்தான் காசை வாங்கினான்.
ஈயம் உருகிப் புகை மூக்கில் ஏற,
நூறு ஹேர்ட்ஸ் ஆள் போய்விட்டார்.

மற்றவரைப் பிடிக்க ஒவ்வொரு வயராய்க் கழற்ற வேண்டும்.
சிடி பிளேயர். இருந்தது.
போன் வயர். இருந்தது.
டிவியின் முதுகில் டிஷ் வயரைத் திருகி எடுத்தேன்,
பட்டென்று நின்றது.
டிஷ் நிற்கிற இரும்பு கூரைக் கம்பியோடு,
கம்பி ஈரச் சுவரோடு,
சுவர் உவர்மலை மண்ணோடு;
வீட்டின் ஏர்த் இன்னொரு மூலையில்.
ஒரு வீட்டுக்கு இரண்டு நிலம்.
இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி ஓடியதுதான்
இவ்வளவு காலமும் எங்களோடு இருந்து பாட்டுக் கேட்டது.

"பிளக்கில ஏர்த் காலை வெட்டிவிடுங்கோ, நிண்டிடும்"
என்றாள் ஜெயசீலி, மதிலால் எட்டி.
நிற்கும். ஒருநாள் எங்கள் மூச்சும் நிற்கும்.
டிஷ் வயரின் நடுவே
விரல் நீள ஐசொலேற்றர் ஒன்றைப் பூட்டினேன்.

பின்னேரம் பாரைமீனோடு வந்தார்.
அம்பைப் போட்டு, வோலியூமை முழுக்கத் திருகினேன்.
வெளியே மான் ஒன்று குப்பைப் பையைக் கிழிப்பது கேட்டது.
"நிண்டிட்டுது" என்றேன்.
பையை நிலத்தில் வைக்காமலே நின்றார்.
"இல்லை. கேக்குது."
"என்ன மாதிரி?"
உதட்டைக் குவித்துச் செய்து காட்டினார்:
மெல்லியது, உயரத்தில்,
கொதிக்கத் தொடங்கும் கேத்தில் போல.
ஐம்பதுமில்லை, நூறுமில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். "இப்ப?"
"இருக்கு."
மெயின் சுவிச்சை இறக்கினேன்.
ஃபேன் மூன்று சுற்றுத் தயங்கி நின்றது.
"இப்ப?"
மீன்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.
"உது இரைஞ்சா இது தெரியாது" என்றார்,
அம்பைப் பார்த்து; என்னைப் பார்க்காமல்.

கழற்றுவதற்கு வேறு வயர் இல்லை.

காது கிளினிக் செவ்வாய்க்கிழமை.
நம்பர் நானே எடுப்பேன், வரிசையில் பக்கத்தில் இருப்பேன்,
ஆலைக் கணக்கை டொக்டருக்கு நானே சொல்லுவேன்.

மீனை வெட்டி, கை கழுவி,
மெயினைப் போட்டேன்.
ஐசொலேற்றரைக் கழற்றித் தையல் பெட்டிக்குள் வைத்துவிட்டு
டிஷ் வயரைப் பழையபடி பூட்டினேன்.
வந்தது.
வோலியூமில் கை வைத்து அவரைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் கூட்டும்" என்றார்.