முழு இழப்பு

அறிக்கையை எழுதியது நான்தான்.
"திருத்தச் செலவு பெறுமதியை மிஞ்சும். முழு இழப்பு."
கையொப்பம், திகதி, றப்பர் முத்திரை.

களனி கங்கை பின்வாங்கி ஒன்பதாம் நாள்.
கொலன்னாவையில் ஒரு மதிலோரம்
மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு கிடந்தது
எண்பத்தாறாம் ஆண்டு ஹைலக்ஸ்,
நாலு சில்லும் இழுக்கிற சாதி.
அன்றைக்கு அது எனக்குப் பதினோராவது வாகனம்.
மத்தியானம் இன்னும் சாப்பிடவில்லை.
கதவைக்கூட முழுதாய்த் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பஞ்சிகாவத்தையில்
என் அல்ட்டோவுக்குப் பக்கக் கண்ணாடி தேடிப் போனேன்.
சைலன்சர் குவியலுக்குப் பின்னால்
அதே பொனட்.
தூக்கினால், உள்தகட்டில் மஞ்சள் கிறேயோனில்
ஒரு பெருக்கல் அடையாளம்,
கீழே என் இனிஷல்.
இரண்டு மழைக்காலம் கழுவியும் போகாத எழுத்து.

துவான் நிஸ்தார் சொன்னார்:
"யாரோ இத மவுத்துன்னு எழுதிட்டாங்க மிஸ்.
எஞ்சின் தண்ணி குடிக்கவே இல்ல.
செசி நல்லம். எழுதினவங்கதான் சரியில்ல."

நான் கண்ணாடி வாங்கவில்லை.

முகத்துவாரத்தில் வாடகைக்கு ஒரு அரைக்கூரை.
வெளியே கடலின் உப்பு, உள்ளே ஆற்றின் களி.
கதவுத் தகட்டைக் கழற்றினால் ஒரு கோடு,
வெள்ளம் நின்று பார்த்த உயரம்.
கோட்டுக்குக் கீழே முளைத்துக் காய்ந்த நெல்,
இரண்டு ரூபாய்க் குற்றி,
சுரண்டாத ஒரு லொத்தர்ச் சீட்டு.
ஆசையாய்ச் சுரண்டினேன்.
மாவாய் உதிர்ந்தது.

பின் ஸ்பிரிங்கின் யூ-போல்ட் ஒன்று
மூன்று ஞாயிறு அசையவில்லை.
மண்ணெண்ணெய் ஊற்றினேன்.
பிரேக் ஒயில் ஊற்றினேன்.
இரண்டு மொழியிலும் கெட்ட வார்த்தை ஊற்றினேன்.
அடுத்த வளவு இந்துனில் மதிலுக்கு மேலால்
நாலடித் தண்ணீர்க் குழாயொன்றை நீட்டினான்.
ஸ்பனர் வாலில் அதைச் செருகித்
தொங்கினேன், முழு எடையோடும்.
டக்.
தெரு நாய் எழும்பிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்தது.

பிறகு கை நிற்கவில்லை.
பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்த்தினேன்.
காற்று உறிஞ்சும் வாயைக்
கூரை மட்டத்துக்குக் கொண்டுபோனேன்,
ஹாட்வெயாரில் வாங்கிய பீலிக் குழாயால்.
டிஃபரன்ஷலின் மூச்சுத் துளைக்கு
பார்மசியில் கேட்டு வாங்கிய சேலைன் ரியூப்.
"நோயாளிக்கு என்ன வயசு?" என்றாள் கவுண்டரில் நின்ற பெண்.
"முப்பத்தெட்டு."
"எழும்பி நடக்கிறாரா?"
"இன்னும் இல்லை."

தங்கை மேகலா வந்து குழாயை அண்ணாந்து பார்த்தாள்.
"உனக்கு எந்தக் காடு?"
வத்தளைச் சந்தி என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பத்து மில்லிமீற்றர் சொக்கட் எங்கே என்று கேட்டேன்.
அது எங்கே போகும் என்று இதுவரை
யாருக்கும் தெரியாது.

பகலில் இப்போதும் பெருக்கல் போடுகிறேன்.
பெரும்பாலும் சரியாகத்தான்.
கதவை முழுதாய்த் திறக்கிறேன், அவ்வளவுதான்.
ஒரு வாகனத்துக்கு நாற்பது நிமிஷமா என்று
மனேஜர் பெர்னாண்டோபுள்ளே மணிக்கூட்டைக் காட்டுகிறார்.

போன ஞாயிறு, ஐந்தாவது முயற்சியில்
இருமி, கறுப்பாய்த் துப்பி, பிடித்துக்கொண்டது.
காக்கைதீவு மணலில்
சின்னத் தடியை நாலுக்கு இழுத்தேன்.
முன் சில்லுகள் யோசித்தன.
பிறகு, கூப்பிட்டால் வருகிற மாடுபோல
இழுக்கத் தொடங்கின.
மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள்
பாயைச் சற்றே நகர்த்திக்கொண்டார்கள்.

இடது பின்புறம் ஒரு சத்தம் இருக்கிறது.
பெயறிங் இல்லை. புஷ் இல்லை.
படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை.
எஞ்சினை நிற்பாட்டாமல் இறங்கி,
ஈர மணலில் மல்லாந்து,
காதைக் கொண்டுபோகிறேன்
செசிக்குக் கிட்ட.