இடது பையில் ஒரு தாள்

சுபிதாவுக்கு,
ஜாக்கெட்டை வெயிலில் போடு.
பாச்சா உருண்டை வாசம் போக ரெண்டு நாள் ஆகும்,
மார்த்தாண்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.
வாங்கியது நான்தான், எல்.டி.சி. பணத்தில்.
இங்கே இதைப் போட்டுக்கொண்டு நடந்தால்
காய்ச்சலா என்று கேட்பார்கள்.
ஆனாலும் நம் தபாலாபீசில் நாலு பேர் உடம்பில் ஏறி
நாலு முறை பனி பார்த்துவிட்டது.
நீ ஐந்தாவது.

குழித்துறையில் ரயில் அதிக நேரம் நிற்காது,
பெட்டியில் ஒன்றைக் குறை.
ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டு போ. ஒரே ஒரு விஷயம்,
மேலே போகப் போக பாக்கெட் தவளை மாதிரி ஊதும்.
என்னுடையது கேபிள் காருக்குள் வெடித்தது.
முன்பின் தெரியாத ஐந்து பேர் மடியில்
தேங்காயெண்ணெய் மணம்.
குல்மார்க்கில் நான் முதலில் கற்ற இந்தி,
மன்னிப்புக் கேட்பது.

கூலியைக் காலையிலேயே பேசி முடி.
உன் எழுபது கிலோவை ஒருத்தன்
கயிறு கட்டி மேலே இழுத்துச் சேர்த்த பிறகு
சந்தையில் அயிலைக்குப் பேசுவது போலப் பேசாதே.
அங்கே அவன் மூச்சு
வெள்ளையாய் வெளியே வருவதைப் பார்க்கலாம்.
நம் ஊரில் உழைக்கிறவன் மூச்சு கண்ணுக்குத் தெரிவதில்லை,
அதனால்தானோ என்னவோ
பேரம் பேச நமக்குக் கூச்சமில்லை.

சொல்லித் தருகிறவர் “பிட்சா, பிட்சா” என்பார்.
சாப்பாட்டு நேரம் என்று நினைத்து
நான் கையுறையைக் கழற்றினேன்.
விஷயம் இதுதான்: பலகைகளின் முன்நுனிகள்
உம்மா கொடுக்கப் போவது மாதிரி நெருங்கணும்,
தொடக் கூடாது.
பின்பக்கம் பிணங்கி விலகணும்.
அப்படித்தான் வேகம் குறையும்.
விழுவது உறுதி என்றால் பக்கவாட்டில் விழு.
சிரிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை
(கூட வந்த கிறிஸ்துதாஸைத் தவிர).

முகத்துக்குக் கிரீம்.
தேங்காப்பட்டணத்துக் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு
எதுக்கு என்று நானும் கேட்டேன்.
அங்கே வெயில் கீழேயிருந்து அடிக்கும்.
மூக்கின் அடிப்பாகம் உரிந்துதான் ஊர் வந்தேன்.

இனி எழுதுவதை ரெண்டு முறை படி.
கீழே போகிறவருக்கே வழி.
நம் மேம்பாலத்தில் ஹாரன் அடிக்கிறவனுக்கு வழி.
பனியில் ஹாரன் கிடையாது,
முன்னால் போகிறவருக்கு முதுகில் கண்ணும் கிடையாது.
பின்னால் வருகிறவள் நீ,
பார்க்க வேண்டியவளும் நீ.
போட்டோ எடுக்கணும் என்றால் ஓரமாய்ப் போ,
சரிவின் நடுவில் நிற்காதே.

இதையெல்லாம் எனக்கும் சொன்னார்கள்.
நன்றாகத் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள், கொஞ்சம் வந்துவிட்டது என்ற மமதை.
மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பிள்ளை,
பத்து வயது இருக்கும்,
எனக்குக் கீழே
தன்பாட்டுக்கு வளைந்து வளைந்து போனாள்.
“மாறு, மாறு” என்று கத்தினேன்.
தமிழில்.

அவளுக்கு மணிக்கட்டு.
எனக்கு ஒன்றுமில்லை.
அவள் அப்பா வந்தார்.
முதலில் என் காலிலிருந்து பலகைகளைக் கழற்றினார்.
பிடுங்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன்,
பிடுங்கினாலும் சரிதான் என்று நினைத்தேன்.
அவர் நாலடி மேலே ஏறி
ரெண்டையும் குறுக்கும் நெடுக்குமாய்ப்
பனியில் நட்டுவிட்டு வந்துதான்
பிள்ளையின் கையைப் பிடித்தார்.
மேலிருந்து வருகிறவர்கள் பார்த்து
சுற்றிப் போக வேண்டுமாம்.
அந்தக் காவலுக்குள்
நானும் உட்கார்ந்திருந்தேன்.

அவள் பேரைக் கேட்க எனக்கு இந்தி போதவில்லை.
அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வந்ததும் ஜாக்கெட்டைத் துவைக்காதே,
நிழலில் காயப்போடு.
தை மாதத்துக்கு பேச்சிப்பாறை ரெக்சலின் கேட்டிருக்கிறாள்.
வலது முழங்கையில் ஒரு கிழிசல் இருக்கும்,
அன்றைக்கு விழுந்தது.
காற்று புகும், உள்ளே முழுக்கை போட்டுக்கொள்.
அதை மட்டும் தைக்க வேண்டாம்.