எத்தனை பார்

ஒட்ஜினேனே பெட்ரோல் பங்க்கில்
காற்றுக்குழாய் பிடிக்கும் பையன்
நிமிராமலே கேட்பான்: எத்தனை பார்?
பதிலுக்குக் காத்திருக்க மாட்டான்.
எல்லோருக்கும் இரண்டரை.
ஆடேற்றிய வண்டிக்கும் இரண்டரை,
ஆஸ்பத்திரி வண்டிக்கும் இரண்டரை,
கல்யாணத்துக்குப் போகிற வெள்ளை வண்டிக்கும்.

என் பிக்கப்பின் கதவிடுக்கில்
கம்பெனி ஒட்டிய தாள் இருந்தது.
பதினோரு வருட நமீபிய வெயில் குடித்தது போக
ஓர் ஏழு மட்டும் மிச்சம்.
டயரின் கன்னத்தில் பொறித்திருக்கிற எண்ணோ
அது தாங்கக்கூடிய எல்லை.
தாங்கும் என்பதற்காக ஏற்றிவிடுவதா?

நான் மகளின் சாக்பீஸ் துண்டை வைத்திருக்கிறேன்.
விடிகாலை, ரப்பர் குளிர்ந்திருக்கையில்
டயரின் குறுக்கே ஒரு கோடு.
கொஞ்சதூரம் நேரே ஓட்டு. இறங்கு. குனிந்து பார்.
நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம்,
வண்டி தொப்பையால் நடக்கிறது.
ஓரங்கள் மட்டும் என்றால் போதவில்லை.
கோடு முழுக்கக் காணாமல் போனால்
அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்.
இந்தச் சுமைக்கு. இந்தத் தரைக்கு.
நாளைக்கு வேறு.

வியாழக்கிழமை எண்ணூறு லிட்டர் தண்ணீர்.
பின்னால் மூன்று, முன்னால் இரண்டே கால்,
சரளைச் சாலை முடிகிற இரும்புக் கேட் வரைக்கும்.
ஓட்டியது என் தம்பி ஜெகுரா.
கேட்டைத் தாண்டினால் மணல்.
காற்றை இறக்கு என்றேன்.
சப்பை டயரோடு மாட்டுப்பட்டியில் போய் நின்றால்
ஆம்பளைகள் சிரிப்பார்கள் என்றான்.
மிதித்தான்.
வண்டி தன் குழியைத் தானே பறித்து
அச்சு வரை இறங்கி உட்கார்ந்தது.

மண்வெட்டி. முள்மரக் கிளை. கால்மிதி.
பிறகு என் சால்வை, அதுவும் கிழிந்தது.
உச்சி வெயிலில் அவனுக்கு யோசனை வந்தது:
பாரத்தைக் குறைப்போம்.
டாங்க் குழாயைத் திருகினான்.

காற்றை விட மனசு வராதவன்
தண்ணீரை விடப் போனான்.

ஒரு வாளி இருக்கும், நான் ஓடிப்போய் மூடுவதற்குள்.
மணல் சத்தமே இல்லாமல் வாங்கிக்கொண்டது.
எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து
ஈரத்தில் உட்கார்ந்தது.
அந்தப் பக்கம் பூ என்று ஒன்று
பத்து மாதமாகக் கிடையாது.

திட்டவில்லை. வாயில் எச்சில் இல்லை.
முள்ளொன்றை ஒடித்து வால்வின் ஊசியை அழுத்தினேன்.
ஸ்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தது,
ரொம்ப நேரமாகச் சொல்லாமல் வைத்திருந்தது போல.
வெறும் வண்டியென்றால் ஒன்றுக்கே இறக்குவேன்.
தண்ணீர் மேலே இருக்கிறது,
ரிம் ரப்பரைக் கடித்துவிடும்.
ஒன்று புள்ளி ஆறில் நிறுத்தினேன்.
படுக்கப் போகும் பசு மாதிரி
நாலு டயரும் வயிறு பரத்தின.
முதல் கியர். அவசரமில்லை.
மணல் விட்டுவிட்டது.

பட்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை.
டயரைப் பார்க்க யாருக்கு நேரம்?
டாங்க் குலுங்கும் சத்தத்துக்கே
மாடுகள் தொட்டிக்கு வந்திருந்தன.
கௌனா மட்டும் டாங்கில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்து
ஒரு வாளி குறைகிறதே என்றாள்.
ஜெகுரா வானத்தை ஆராய்ந்தான்.

திரும்பும்போது இருட்டு.
கேட்டருகே நிறுத்தச் சொன்னேன்.
இதே காற்றோடு சரளையில் வேகமெடுத்தால்
டயர் சூடேறிக் கிழியும், அதை அவனும் கண்டிருக்கிறான்.
கம்ப்ரஸரை பேட்டரியில் மாட்டினேன்.
சுமை இறங்கியாயிற்று,
காலையில் எழுதிய மூன்று
வியர்வையில் கரைந்தும் போயிற்று.

எத்தனை பார், என்று கேட்டான்.
சாக்பீஸை நீட்டினேன்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
மேலே ஒரு வார்த்தையும் பேச முடியாமல்
குனிந்தான்.