எட்டு வாரம்

சேர்விஸ் போடுபவன் நிற்கும் இடத்தில்
புல் செத்து மூன்று வருடம்.
சப்பாத்துக் குதி தோண்டிய குழி,
மழை பெய்தால் கிண்ணம்,
வெயிலடித்தால் தழும்பு.

அதை அளக்க வந்தார் வீலாண்ட்,
க்ரேஃபெல்ட் நகரசபை, பூங்காப் பிரிவு.
மடக்கு மீற்றரைக் குழிக்குள் இறக்கி
நாலு சென்ரிமீற்றர் என்று எழுதினார்,
சொத்தைப் பல் பார்த்த வைத்தியரின் முகத்தோடு.

பிறகு கூட்டம்.
இரும்புக் குண்டு உருட்டும் பென்சன்காரர் ஐந்து பேர்,
நாய்க்காரர் சார்பில் ஒருத்தி, நாயோடு,
மூன்றாம் மாடி யன்னல் ஓஸ்டர்காம்ப் அம்மா,
ஒரு கொப்பியோடு.
கொப்பிக்குள் நாங்கள் இருந்தோம்:
போன வருடம் யூன் பதினொன்று, இரவு ஒன்பது இருபது,
"ஆ" என்ற சத்தம், பலமாக.
அது நிமலன் அடித்த கடைசிப் புள்ளி,
எனக்கு உடனே ஞாபகம் வந்தது.
வாயைத் திறக்கவில்லை.

தீர்மானம் ஒரு பக்கம்.
ஏப்ரலில் நிலத்தை நாங்களே கொத்த வேண்டும்,
விதை நகரசபை தரும்.
எட்டு வாரம் பந்து இல்லை,
அதன் பிறகும் ஒன்பது மணிக்கு மேல் இல்லை,
வலை நாலு மீற்றர் கிழக்கே போகும்.
கையெழுத்துக்கு ஒரு ஆள் கேட்டார்கள்.
யோகராசா என்னைப் பார்த்தான்.
தயாபரனும் என்னைத்தான் பார்த்தான்.
டொச் நல்லாத் தெரியும் என்பது
இப்படித்தான் கழுத்தில் விழும்.

கொத்தினோம்.
இரவு வேலை முடித்து வந்த கை,
உணவகத்தில் கோப்பை கழுவும் கை,
ஒரு வங்கிக் கை, முதலில் கொப்பளித்தது அதுதான்.
கிளறக் கிளற வந்தன
பியர் மூடிகள் நாற்பத்தொன்று,
ஒரு பிஃபெனிக் நாணயம்,
காலில்லாத பிளாஸ்டிக் குதிரை.
எங்களுக்கு முன்னும் இங்கே
யாரோ விளையாடியிருக்கிறார்கள்,
புல்லைக் கேட்காமல்.

விதை தூவிய மறுநாள்
புறாக்களின் பந்தி.
இலை போடாத குறைதான்.
முறை வைத்துக் காவல் நின்றோம்.
குண்டு உருட்டும் எக்கார்ட்
பழைய சீடிகளை நூலில் கோத்துக்கொண்டு வந்தார்.
காற்றில் அவை சுழன்று மின்ன
முதல் நாள் புறாக்கள் பயந்தன,
இரண்டாம் நாள் முகம் பார்த்தன.

நாலாம் வாரம்
பச்சை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று.
குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் உண்டு,
நிமிர்ந்தால் இல்லை.
வேலையால் வரும் வழியில்
சுற்றிப்போய்ப் பார்க்கத் தொடங்கினேன்.
பாண் வாங்க ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு
வரிசை நீளம் என்றேன்.

ஒரு ஞாயிறு
கயிற்றைத் தாண்டி ஓடினான் ஒரு பெடியன்,
ஏழு வயதிருக்கும், பலூனுக்குப் பின்னால்.
"ஏய்! அங்கே மிதிக்காதே!"
என் தொண்டையிலிருந்து வந்தது
சுத்தமான டொச்,
வினைச்சொல் அதனதன் இடத்தில்,
பூங்கா முழுக்கக் கேட்டது.
பெடியன் ஒற்றைக்காலில் நின்றுவிட்டான், கொக்கு மாதிரி.
அவன் தாய் என்னைப் பார்த்த பார்வை
எனக்குப் புதிதல்ல.
பதினைந்து வருடமாக அதைத்தான் நான்
மூன்றாம் மாடிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நிமிர்ந்தேன்.
யன்னலில் ஓஸ்டர்காம்ப் அம்மா,
கொப்பி விரிந்திருந்தது.
எழுதினாரா,
எழுதினால் என்னை எந்தப் பக்கத்தில் என்று
இன்னும் கேட்கவில்லை.

யூன் நடுவில் கயிறு அவிழ்ந்தது.
புதுப் புல் பழைய புல்லோடு சேரவில்லை,
வேறு துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி
தனியே ஒரு இளம் பச்சை.
நாலு மீற்றர் கிழக்கே வலை கட்டினோம்.
நிமலன் பந்தோடு பின்னால் நடந்தான்,
நடந்து நடந்து
புதுக் கோட்டையும் தாண்டி
பழைய குழி இருந்த இடத்தில் போய் நின்றான்.
"அங்கே இல்லையடா!"
எல்லாருமாகக் கத்தினோம்.
கீழே பார்த்தான்.
சூடு பட்டவன் போல
ஒவ்வொரு காலாய் எடுத்து வெளியே வந்தான்.

முதல் பந்து வலையில் விழுந்தது.
மணி ஏழு பத்து.