எட்டாவது விசில்

ஹாங்க்ஸ்வில்லில், பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில்,
முதல் நாள் இரவு கயிற்றை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பார்த்தேன்.
அறுபது மீட்டர். நீலம், ஊடே ஒரு மஞ்சள் இழை.
ஓரிடம் மட்டும் மெத்தென்றது,
கன்றிய பழத்தில் கட்டைவிரல் பட்டதுபோல.
மறுபடி தடவினேன். இல்லை.
மறுபடி. இருந்தது.
பழுதை என்று மிதிக்கவும் முடியாமல்
பாம்பு என்று தாண்டவும் முடியாமல்
பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தேன்.
லொரெய்ன் காரின் முன்கண்ணாடியில் பூச்சி துடைத்துக்கொண்டிருந்தாள்.
"கயிறு எப்படி?"
"நல்லாத்தான் இருக்கு."

காலையில் வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.
முதல் இறக்கம், இரண்டாவது, மூன்றாவது.
கீழே வந்து இழுத்ததும் ஒவ்வொரு முறையும்
கயிறு மேலிருந்து கழன்று, காற்றில் நெளிந்து
பொத்தென்று காலடியில் விழும்.
அதன்பின் மேலே போக வழி கிடையாது.
கார் இல்லை. ஊர் இல்லை. நேற்றும் இல்லை என்று
நினைத்துக்கொண்டேன்.

நான்காவதுதான் நீளம்.
சுவர்களுக்கிடையே சிக்கி நின்ற ஒரு பாறையில்
நாடாவைச் சுற்றி, வளையம் மாட்டி,
லொரெய்ன் முதலில் இறங்கினாள்.
விளிம்பில் மணற்பாறை, உப்புத்தாள்.
அவள் எடை ஆடஆட
அது கயிற்றைத் தின்னும் சத்தம் எனக்குக் கேட்டது.
கேட்கவில்லை என்றும் சொல்லலாம்.

ஒரு விசில்: தரை தொட்டாள்.
தளர்ந்த கயிற்றை மேலே எடுத்தேன்.
நீல உறை விரலளவு கிழிந்து
உள்ளிருந்து வெள்ளைப் புரி பிதுங்கியிருந்தது.
அதே இடமா? மஞ்சள் இழையைக் கேட்டேன்.
அது எங்கும் ஒரே மஞ்சள்.

வளையத்திலிருந்து பழுது வரை
கையை விரித்து விரித்து அளந்தேன்.
ஏழு பாகம்.
அதை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது தரை எட்டுமா?
கத்தினேன். குரல் சுவரில் இடறி
வேறு யாரோ அழைப்பதாகத் திரும்பி வந்தது.
சாக்லேட் உறையின் பின்பக்கம் எழுதினேன்:
'கயிறு அறுந்திருக்கிறது. உன் காலடியில்
மிச்சம் எத்தனை கைவிரிப்பு? அத்தனை விசில்.'
தாளில் இன்னும் இடமிருந்தது.
வேறெதுவும் எழுதவில்லை.
கேரபைனரில் மாட்டி, மெல்லிய இழுகயிற்றில்
கீழே விட்டேன்.

ஒன்று. இரண்டு.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு காக்கை.
ஐந்து.
ஆறு.
ஏழு.
பிறகு ஒன்றுமில்லை.
என் கழுத்து வியர்வை காய ஆரம்பிக்கும்வரை ஒன்றுமில்லை.
எட்டு.

கத்தி பட்டதும் நூல்நூலாய்ப் பிரிந்தது.
எதிர்பார்த்ததைவிட எளிதாக,
எவ்வளவு நேரம் எங்களைச் சுமந்தது என்று
வெட்கப்படும்படி எளிதாக.
நல்ல நுனியை வளையத்தில் கோத்து
இழுகயிற்றோடு முடிந்தேன். இறுக்கினேன்.
முடிச்சை முகத்தருகே வைத்து மறுபடி பார்த்தேன்.
விளிம்பில் என் பையைப் பரப்பினேன், அதன்மேல் கயிறு.
முன்பே செய்திருக்க வேண்டியது.
இறங்கினேன்.

எட்டில் ஏழு போனால்
மணலில் ஒரு பாகம் சுருண்டு கிடக்க வேண்டும்.
என் கால் மணலைத் தேடியது.
ஒரு முழம் இருக்கையில் கருவி இடித்து நின்றது:
கயிற்றின் நுனியில்
அவள் போட்டு வைத்திருந்த முடிச்சு.
ஒரு சொல் இல்லாமல் என் இடுப்பைக் கட்டித்
தூக்கிப் பிடித்தாள். முடிச்சை அவிழ்த்தேன்.
அவள் தலைமுடியில் சிவப்புத் தூசி.

லொரெய்ன் என்னைவிட ஒரு சாண் குள்ளம்.
அவள் எட்டுக் கைவிரிப்பு என் ஏழாகலாம்.
கணக்கு சரிதான்.
ஏழுக்கும் எட்டுக்கும் இடையே
அவ்வளவு நேரம் எதற்கு என்பதற்கு
அந்தக் கணக்கில் இடமில்லை.

மாலை, ஹாங்க்ஸ்வில் பர்கர் கடை.
"நான்தான் குதிச்சுக் குதிச்சு இறங்கினேன்,
உன் கயிற்றை நாசமாக்கிட்டேன்" என்றாள்.
உருளைக்கிழங்கு வறுவல் சூடாக இருந்தது.
வாய் வெந்தது.
விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.
அவள் எழுந்து
எங்கள் இருவருக்கும் சேர்த்துப்
பணம் கட்டப் போய்விட்டாள்.