களை

பனி உருகி, ஆறு ஒருமுறை தோட்டத்துக்குள் வந்து
நலம் விசாரித்துவிட்டுப் போன பிறகு,
மே மாதத்தின் முதல் சனிக்கிழமை,
மண்டியிடுகிறேன்.

பட்டாணித் தெருவில் என் வீடு.
அடுத்தது அவரைத் தெரு, அப்புறம் உருளைக்கிழங்கு.
தார்த்து நகரின் இந்த மூலையில்
தெருவுக்கெல்லாம் காய்கறிப் பேர்.
என் பாத்தியில் முளைப்பதென்னவோ
மேப்பிள், மேப்பிள், மேப்பிள்.

ஸ்ட்ராபெரிக்கு நடுவில். ருபார்ப்பின் கழுத்தடியில்.
படிக்கல் இடுக்கில், மழைநீர்க் குழாயின் வாயில்,
போன அக்டோபரில் நான் வெளியே மறந்த
ஒற்றை ரப்பர் செருப்புக்குள் மூன்று.
நாடாவாய் நீண்ட இரண்டு விதையிலை,
நடுவே இன்னும் பிரியாத விசிறியாக அடுத்த ஜோடி.
சிலது பிறந்த உறையைக் கழற்றவே இல்லை;
ஒற்றைச் சிறகு தலையில்
தொப்பிபோலச் சாய்ந்திருக்கிறது.

வார நாளெல்லாம் எனக்குப் பல் வேலை.
முகம் தெரியாத யாருக்கோ
மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குவேன்.
ஒரு மயிரிழை உயர்ந்தாலும் கடிக்கையில் உறுத்தும்.
அந்த விரல்கள்தாம் இவை.
கழுத்தடியில் பிடித்து, நேராக, அவசரமில்லாமல் இழுத்தால்
ஈரமண் விட்டுக்கொடுத்துவிடும்.
இரண்டாம் ஜோடி இலை விரிந்துவிட்டால்
பிடிவாதமும் கூடவே விரிந்துவிடும்.

நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியிருந்தேன்.
உர்மாஸ் வேலியில் முழங்கை ஊன்றி,
காபியை உறிஞ்சியபடி, "கொலைகாரி" என்றான்.
"எல்லாம் உன் மரத்தின் பிள்ளைகள்."
"என் பக்கம் ஒன்றும் முளைப்பதில்லையே, ஹெல்வே?"
அவன் பக்கம் முழுக்க சிமெண்டுத் தளம்.
பதினோரு வருடமாக
இந்த ஒரே சண்டையைத்தான் போடுகிறோம்.

பதினோரு வருடமும் அந்த மரம் எனக்கு
மேலிருந்து விழும் ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.
பதினாறு மூட்டை இலை.
சுழன்று சுழன்று இறங்கும் விதை.
கூரைத் தூம்பில் அடைப்பு.
நகராட்சிக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன்;
அனுப்பாமல் கரண்டி இழுப்பறையில் கிடக்கிறது.

இன்று புறங்கையில் எதுவோ விழ,
தட்டிவிடப் போனவள் நிறுத்தினேன்.
மஞ்சளென்றும் பச்சையென்றும் சொல்லமுடியாத ஒரு பூ,
சட்டைப் பொத்தான் அளவு,
நடுவில் ஈரமாய் மினுங்கும் ஒரு தட்டு.
மேப்பிளுக்குப் பூ உண்டா?
விதை வருகிறதென்றால் இருக்கத்தானே வேண்டும்.
ஐம்பத்து மூன்று வயதில்
கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன்.

அண்ணாந்தேன்.
இலை இன்னும் வரவில்லை.
நுனிக் கிளைகளெல்லாம் கொத்துக் கொத்தாய் அந்தப் பூ,
யாரோ எலுமிச்சைத் தோலைத்
துருவித் துருவி வானத்தில் தூவியதுபோல.
உள்ளே தேனீக்கள்:
பட்டறையின் அடுத்த அறையில்
மோட்டார் ஓடும் அதே முனகல்.
ஆறு மாதம் சாம்பல் நிறமே பார்த்த கண்ணுக்கு
அதன் முகத்தில் அப்படியொரு களை.
களை பறித்த கையைத் துடைக்காமலே
கழுத்து வலிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"என்ன பார்க்கிறாய்?"
"உன் மரம் பூத்திருக்கிறது."
"வருஷா வருஷம்தான்" என்றவன்
தானும் அண்ணாந்தான்.
கோப்பை சாய்ந்து
காபி வேலிப் பலகையில் வழிந்தது.

மனம் இளகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.
மேலே நிற்கும் பூக்கள்
அடுத்த மே மாதம் என் ஸ்ட்ராபெரிக்குள் நிற்கும்;
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
அதையும் பெருக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
குனிந்தேன்.
எங்கே விட்டேன் என்று எண்ணிக்கை மறந்துபோயிருந்தது.

சமையலறைச் சுவரடியில், அஸ்திவாரக் கல்லிடுக்கில்,
பென்சில் தடிமனில் ஒன்று.
போன வருடமும் அங்கேதான் ஒளிந்திருந்திருக்க வேண்டும்.
உள்ளே போய் வேலைக் குறடு எடுத்துவந்து
நேராக, அவசரமில்லாமல் இழுத்தேன்.
தண்டு கையோடு வந்தது.
வேர் வரவில்லை.
வேர் உள்ளே தங்கினால் என்னவாகும் என்று
எனக்கா தெரியாது.