நாலு, எட்டு, பதினைந்து

இரவுக் கடமையில் ஒரு மணிக்குப் பிறகு
வார்டு அடங்கிவிடும்.
பதினேழாம் கட்டிலின் சேலைன் மட்டும்
சொட்டுச் சொட்டாய் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும்.
குளிசைப் பதிவேட்டுக்குக் கீழே ஒளித்துவைத்த
ஜெர்மன் பாடப்புத்தகத்தைத் திறப்பேன்.

அங்கே கரண்டி ஆண்.
முள்ளுக்கரண்டி பெண்.
கத்தி அஃறிணை. சரி, இருக்கட்டும்.
சிறுமியும் அஃறிணை என்று வந்த பக்கத்தில்
வீட்டில் தூங்கும் மிதுஷாவை நினைத்துப்
புத்தகத்தை மூடிவிட்டேன்.

யூடியூபில் ஒரு பின்லாந்துக்காரி பாடம் எடுக்கிறாள்.
அவர்களுக்கு அவனும் அவளும் ஒரே சொல்தான்.
எதிர்காலம் என்று தனியாய் ஒரு காலம் இல்லையாம்;
நாளைக்கு நடக்கப்போவதையும்
இன்றைய வினைச்சொல்லாலேயே சொல்லிவிடுவார்களாம்.
கொழும்பில் நாங்களும் இரண்டு வருஷமாய்
அப்படித்தானே.

நிமலரூபன் எக்செல்லில் அட்டவணை போட்டான்,
டைல்ஸ் கடைக்குக் கணக்கெழுதும் அதே கையால்.
சம்பளம், வரி, வாடகை, பள்ளிக்கூடம்,
வதிவிட உரிமைக்கு எத்தனை வருஷம்,
இருட்டு,
கடையில் முருங்கைக்காய்.
கூட்டிப் பார்த்தால்
எழுபத்தொன்று. எழுபத்தொன்று.
பனிக்கு ஒரு புள்ளி குறைத்தான்.
பிறகு, பாவம் பனி என்ன செய்தது என்று
திருப்பிக் கொடுத்தான்.

ஸ்டுட்கார்ட்டில் இருந்து அவன் சித்தப்பா மகன்:
"கோயில் இருக்கு, தேர் இருக்கு, புட்டுமா இருக்கு."
எஸ்போவில் இருந்து என் பழைய வகுப்புத் தோழி:
"இங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."
அது புகழா புகாரா என்று
குரலில் தெரியவில்லை.
மிதுஷா கேட்டது ஒன்றுதான்:
"ரெண்டிலயும் நுளம்பு இருக்கா?"
பின்லாந்தில் கோடையில் இங்கேயை விட மோசமாம்.
அதற்கும் ஒரு வரி சேர்த்தான்.
டெங்கு இல்லாத நுளம்பு என்பதால்
அரைப் புள்ளி.

அவன் குளிக்கப் போன நேரம் பார்த்தேன்.
பி நிரலுக்கு அடுத்தது டி. நடுவில் சி இல்லை.
கோட்டைப் பிடித்து இழுத்து விரித்தேன்.
மேலே தலைப்பு: வெள்ளவத்தை.
கீழே எல்லாக் கட்டமும் வெறுமை,
முருங்கைக்காய் வரியில் மட்டும்
பத்து.
பழையபடி ஒடுக்கிவைத்தேன்.
கேட்கவில்லை.

கடவுச்சீட்டு ஒன்றுதான்.
ஒரே கிழமையில் இரண்டு கண்ணாடிச் சன்னலுக்குள்
தள்ள முடியாது.
கடைசியில்
மொழி வகுப்புக்குக் கட்டிய முன்பணத்தைத்
திருப்பித் தரமாட்டார்களாம், அதனால்
ஜெர்மனி.
நாற்பத்தையாயிரம் ரூபாய்.
யாரும் கேட்டால் வேறு காரணம் சொல்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய எட்டு வேற்றுமை
இன்னும் நாக்கில் இருக்கிறது,
ஐ, ஆல், கு என்று.
ஜெர்மனில் நாலே நாலு; மலிவு.
பின்லாந்து மொழியில் பதினைந்து.
அதில் ஒன்று 'இல்லாமல்' என்பதற்கென்றே.
உப்பில்லாமல், பணமில்லாமல், உறக்கமில்லாமல்,
எல்லாம் சொல்லின் வாலில்
ஒரு சின்ன உருபுக்குள் அடங்கிவிடுமாம்.
அதை விட்டுவிட்டோமே என்று
ஊசிமருந்து ஏற்றுகிற நேரம் பார்த்துத் தோன்றும்.
போகாத நாட்டைச் சொல்லவாவது
அது உதவியிருக்கும்.

காலை ஆறரை. காலி வீதி.
நூறாம் இலக்க பஸ்ஸில் உப்புக் காற்று.
கண்டக்டர் பொடியன் கேட்கிறான்,
"கொஹாட்டத?"
அவன் சிங்களத்திலும் அது நான்காம் வேற்றுமை.
ஐந்தாவது, நீங்கல். அதை
வார்டில் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.
சில்லறையை நீட்டி
"வெள்ளவத்தை" என்கிறேன்,
உருபு எதுவும் போடாமல்.